ஏழும் எட்டும் எழுபத்தெட்டு

ரய்யா கொர்ப்பெலாவுக்கு முதல் வலிப்பு வந்தபோது அவள் ஓட்டிக்கொண்டிருந்த பள்ளிக்கூட பஸ்ஸில் ஒரு பிள்ளையும் இல்லை. காலைச் சவாரி முடிந்துவிட்டது. எல்லாரையும் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, வண்டியைக் கம்பெனி வளாகத்துக்குள் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டிருந்தாள். அப்போது நாக்கில் செம்புக் காசை வைத்ததுபோல ஒரு ருசி தட்டியது. நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கலாம் என்று நினைத்தது வரைக்கும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அடுத்துக் கண்ணைத் திறந்தபோது ஆம்புலன்ஸின் கூரை தெரிந்தது. பஸ் கம்பிவேலியில் மூக்கை இடித்துக்கொண்டு நின்றதாம்.

"நல்லவேளை, பிள்ளைங்க இல்ல" என்றுதான் பஸ் கம்பெனியில் எல்லாரும் அவளிடம் சொன்னார்கள். ஆறுதலாகத்தான் சொன்னார்கள். ஆனால் அந்த நல்லவேளை அவள் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. சற்று முன்னால் வந்திருந்தால்? ஏரிப் பக்கம் இறங்கும் சரிவில், பனி உறைந்த வளைவில், பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டு வரும்போது வந்திருந்தால்? படுத்தால் இதே நினைப்பு. எழுந்தாலும் இதே.

எங்கள் மாகாணத்தில் இப்படி ஒருவருக்கு வலிப்பு வந்தால் டாக்டர் அரசாங்கத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ரய்யாவின் லைசென்ஸ் போனது. கல்யாணமான புதிதிலிருந்து ஓட்டிய பஸ். தண்டர் பே ஊரில் அவள் வண்டி போகாத தெருவே இல்லை. கார் இல்லாமல் பால்கூட வாங்க முடியாத ஊரில், அவளை எங்கே போவதென்றாலும் புருஷன் வெய்ன்தான் கொண்டுபோய் விட வேண்டியதாயிற்று. வெய்னுக்குத் துறைமுகத்தில் தானியக் கிடங்கில் வேலை. நல்ல மனுஷன். பேசத் தெரியாதவன்.

அவள் ஒவ்வொன்றாக விட்டாள். அடுப்பில் பெரிய பானை வைப்பதை விட்டாள். குளியலறைக் கதவைத் தாழிடுவதை விட்டாள். ரய்யாவின் குடும்பத்தைப் போன்ற ஃபின்லாந்துக்காரர்கள் வீட்டில் சனிக்கிழமை சாயங்காலம் நீராவி அறையில் உட்காராமல் வாரம் முடியாது. அதையும் விட்டாள். சூட்டில் மயங்கி, அங்கே நீராவிக்காகப் பழுக்கக் காய்ச்சிய கற்கள்மேல் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று.

அந்த வருஷம்தான் காகித ஆலையில் ஒரு பகுதியை மூடினார்கள். என் வேலையும் போனது. வேலை போனவர்கள் வேறு தொழில் படிக்க அரசாங்கம் பணம் கட்டியது. ஊர்க் கல்லூரியில் வெல்டிங், சமையல், லாரி ஓட்டுவது என்று பல வகுப்புகள் இருந்தன. ரய்யா எதில் ஏணி இல்லை, எதில் நெருப்பு இல்லை, எதில் சக்கரம் இல்லை என்று பார்த்தாள். மிஞ்சியது இணையதளம் செய்யக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு ஒன்றுதான். அங்கேதான் நான் அவளைப் பார்த்தேன். எனக்கு முன்வரிசையில், கதவை ஒட்டிய நாற்காலியில், குளிர்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். எந்த நிமிஷமும் எழுந்து போய்விடுகிறவள் மாதிரி.

அவளுக்குப் பக்கத்தில் ஷெல்டன் மூனியாஸ். முப்பது வயசிருக்கும். வடக்கே, குளிர்காலத்தில் ஏரி உறைந்தால்தான் லாரி போகிற, ஓஜிப்வே என்ற பூர்வகுடி மக்களின் ஊர்க்காரன். அவன் வாய் சும்மா இருக்காது. முதல் நாளே அவளைப் பார்த்து, "ஆன்ட்டி, கோட்டைக் கழட்டுங்க. இங்க யாரும் திருட மாட்டோம். என் சைஸும் இல்ல" என்றான்.

"எனக்குக் குளுருது."

"இதெல்லாம் ஒரு குளிரா? நான் வடக்குலேர்ந்து வந்தவன்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் கோட்டைக் கழற்றினாள்.

பாடம் எடுத்தவள் கொலெட் பூஷார். குள்ளமான, வேகமாகப் பேசுகிற பெண். சில வாரம் அடிப்படைகளைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, முதல் வேலையாக எல்லாரும் ஒரு கால்குலேட்டர் செய்ய வேண்டும் என்றாள். இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தால் அது தெரிய வேண்டும். பட்டனை அழுத்தினால் கூட்ட வேண்டும், கழிக்க வேண்டும், பெருக்க வேண்டும், வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

"எல்லார் போன்லயும் ஒண்ணு இருக்கே. இன்னொண்ணு எதுக்கு?" என்று ஷெல்டன் கேட்டான்.

"வீடு கட்டக் கத்துக்கறவன் முதல்ல நாய்க்கூண்டு கட்டுவான். கூண்டு ஒழுகுனா நாய் மட்டும்தான் நனையும்" என்றாள் கொலெட். பிறகு சொன்னதுதான் ரய்யாவின் முகத்தை மாற்றியது. "இந்த வேலை முடியற அன்னிக்கு ஒவ்வொருத்தரா முன்னால வந்து எல்லாருக்கும் செஞ்சு காட்டணும். வெளியிலேர்ந்து ஒரு கம்பெனிக்காரங்க பார்க்க வராங்க. ஆள் தேவைப்படுதாம் அவங்களுக்கு."

எல்லாருக்கும் முன்னால் நிற்பது. அவள் கழுத்து சிவந்துபோனதை நான் பின்னாலிருந்தே பார்த்தேன். அவளுக்கு வலிப்பு வரும் விஷயம் எங்களில் ஒருவருக்கும் அப்போது தெரியாது. 'ஏதோ உடம்பு சரியில்லாமல் பஸ் ஓட்டுவதை விட்டுவிட்டாளாம்' என்பதற்குமேல் அவள் சொன்னதில்லை.

கால்குலேட்டர் பக்கத்துக்கு மூன்று பாகம். முதலில் எலும்புக்கூடு: எந்தப் பட்டன் எங்கே, விடை தெரிகிற கட்டம் எங்கே. அப்புறம் அதற்கு உடுப்பு: நிறம், அளவு, இடைவெளி. மூன்றாவதுதான் மூளை: அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பது. முதல் இரண்டையும் ரய்யா பொறுமையாகச் செய்தாள். பள்ளிக்கூட பஸ் நிறத்தில் மஞ்சளாக வைக்கலாமே என்று யாரோ சொன்னதற்குத் தலையை வேகமாக ஆட்டி மறுத்துவிட்டு, சாம்பல் நிறம் போட்டாள்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு வரி மாற்றினாலும் பழையதை அழிக்க மாட்டாள். முழுசாகப் பிரதி எடுத்து வேறு பெயரில் வைப்பாள். அவள் கணினியில் 'கால்குலேட்டர்', 'கால்குலேட்டர் புதுசு', 'கால்குலேட்டர் புதுசு சரியானது', 'கால்குலேட்டர் தொடாதே', 'கால்குலேட்டர் இதையும் தொடாதே' என்று வரிசையாக நின்றன. ஷெல்டன் எட்டிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஆன்ட்டி, எதைத்தான் தொடலாம்?"

"எதையும் தொடாதே. உன் வேலையப் பாரு."

மூளையை எழுதி முடித்த அன்று அவள் முதலில் கழித்துப் பார்த்தாள். ஒன்பதிலிருந்து நாலு போனால் ஐந்து. சரி. பெருக்கினாள், வகுத்தாள். சரி. முகத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம். கடைசியாகக் கூட்டினாள். ஏழு, கூட்டல், எட்டு, சமம்.

எழுபத்தெட்டு என்று வந்தது.

அவள் மறுபடி அழுத்தினாள். எழுபத்தெட்டு. கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். ஷெல்டன் சாய்ந்து பார்த்துவிட்டு, "அடேயப்பா! இந்தக் கணக்கு எனக்குப் பிடிச்சிருக்கு. என் சம்பளத்தை இதுல கூட்டிக் குடுங்க" என்றான்.

"கழித்தல் எல்லாம் சரியா வந்துதே. பெருக்கல் சரியா வந்துதே. இது மட்டும் ஏன்?" அவள் குரல் நடுங்கிற்று. சின்னத் தப்புக்கு இத்தனை நடுக்கமா என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

கொலெட் வந்து பார்த்தாள். இது எல்லாருக்கும் முதலில் வருவதுதான் என்றாள். பட்டனை அழுத்தி வரும் ஏழு, கணினிக்கு எண்ணாகத் தெரியாது, எழுத்தாகத் தெரியும். கழி, பெருக்கு என்றால் அதற்கு வேறு வழியில்லாமல் எண்ணாக மாற்றிக்கொள்ளும். ஆனால் கூட்டல் குறிக்கு அதனிடம் இரண்டு வேலை. எண் என்றால் கூட்டும், எழுத்து என்றால் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டும். ஏழையும் எட்டையும் ஒட்டினால் எழுபத்தெட்டு. "இது எண்ணுன்னு நீங்கதான் அதுக்குச் சொல்லணும்."

ரய்யா ஒரு சொல்லைச் சேர்த்தாள். பதினைந்து வந்தது. நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். அவள் மட்டும் கைதட்டவில்லை.

"கூட்டிப் பார்க்காம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது இல்ல?" என்றாள். "மூணு சரியா வந்துது, நாலாவதும் சரியாத்தான் இருக்கும்னு விட்டிருப்பேன்."

"ஆனா விடலையே, ரய்யா."

"வேற எங்க பொய் சொல்லுது இது?"

அன்றைக்கு அவளை ஒரு பித்து பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் பட்டனுக்கு நிழல் போட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் தன் கால்குலேட்டரைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தாள். ஒரே எண்ணில் புள்ளியை இரண்டு தரம் அழுத்தினால்? குழம்பியது. சமத்தை முதலிலேயே அழுத்தினால்? ஏதோ உளறியது. கூட்டல் அழுத்தி, மனசு மாறிக் கழித்தல் அழுத்தினால்? பூஜ்யத்தால் வகுத்தால்? 'முடிவிலி' என்று எழுதிக் காட்டியது. ஒவ்வொன்றாகச் சரி செய்தாள். பூஜ்யத்தால் வகுத்தால் 'இதைச் செய்ய முடியாது' என்று வரும்படி வைத்தாள். ஷெல்டன் தன்னுடையதில் 'போய்ப் படு' என்று வரும்படி வைத்திருந்தான்.

ஒருநாள் மதியம் நான் உணவகத்திலிருந்து இளஞ்சிவப்பு இனிப்புப் பூச்சு போட்ட பன் வாங்கிக்கொண்டு திரும்பியபோது அவள் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். புள்ளி ஒன்றையும் புள்ளி இரண்டையும் கூட்டியிருக்கிறாள். புள்ளி மூன்று வரவேண்டிய இடத்தில், புள்ளி மூன்றுக்குப் பின்னால் பூஜ்யம் பூஜ்யமாக நீண்டு கடைசியில் ஒரு நாலு நின்றது.

"இது என் தப்பா?" என்று என்னைக் கேட்டாள். எனக்கென்ன தெரியும்? கொலெட்டைக் கூப்பிட்டோம்.

"உங்க தப்பு இல்ல. மெஷின் ரெண்டு ரெண்டாத்தான் எண்ணும். பத்துல ஒண்ணை அதால சரியாப் பிடிக்க முடியாது, கொஞ்சம் சிந்தும். காட்டும்போது வெட்டிக் காட்டிடுங்க, போதும்."

"அப்ப எல்லா கம்ப்யூட்டர்லயும் இது இருக்கா?"

"இருக்கு."

"எல்லாரும் தெரிஞ்சுட்டே சும்மா இருக்கீங்களா?"

கொலெட் சிரித்துவிட்டாள். ரய்யா கேலிக்குக் கேட்கவில்லை. அன்று மாலை வெய்னின் வண்டியில் ஏறியதும் அதைத்தான் சொன்னாளாம். வெளியே சரியாகத் தெரிகிறது, உள்ளே கடைசியில் ஏதோ சிந்திக்கொண்டிருக்கிறது, யாருக்கும் தெரிவதில்லை என்று. அவள் கால்குலேட்டரைப் பற்றிப் பேசவில்லை என்று வெய்னுக்கு விளங்கிவிட்டது.

"கிளாஸ்ல சொல்லிடு, ரய்யா" என்றான்.

"எதை?"

"எதைன்னு உனக்குத் தெரியும்."

"சொன்னா அப்புறம் எல்லாரும் என்னைக் கண்ணாடிக் கிளாஸ் மாதிரி பார்ப்பாங்க. 'உக்காருங்க, எழுந்திருக்காதீங்க, நாங்க எடுத்துத் தரோம்.' அங்க ஒரு இடத்துலயாவது நான் சாதாரணமா இருக்கேன்."

"திடுதிப்புனு விழுந்தா?"

"விழ மாட்டேன். மாத்திரை சாப்பிடறேன்ல."

செய்து காட்டும் நாள் நெருங்க நெருங்க அவளுக்கு அடிக்கடி நாக்கில் செம்பு ருசி தட்ட ஆரம்பித்தது. உடனே எழுந்து கழிவறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்துகொள்வாள். ஒன்றும் வராது. அது வரப்போகிறதன் அடையாளமா, வந்துவிடுமோ என்ற பயத்தின் ருசியா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. டாக்டரிடம் கேட்டால், இரண்டும் இருக்கலாம் என்றார். அதைச் சொல்ல டாக்டர் எதற்கு!

அந்த வாரம் ஒரு காலை, கல்லூரிக்குப் போகும் வழியில், வகுப்பை விட்டுவிடப் போவதாக வெய்னிடம் சொன்னாள். அவன் ராத்திரி ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருந்தான்.

"சரி, விடு. வீட்டுலயே உக்காந்து ஜன்னலப் பாரு. சமையல் பண்ண பயம், குளிக்க பயம், கம்ப்யூட்டர் தட்டவும் பயம். மூச்சு விடறதுக்கும் பயம்னு சொல்லு, அதையும் விட்டுடலாம்."

சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். அவன் "ரய்யா, பனி கொட்டுது, ஏறு" என்று கத்தினான். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். முழங்கால் வரை நனைந்து, கண்ணிமையில் பனி ஒட்டி, வகுப்புக்குள் நுழைந்தாள். வீட்டுக்குத் திரும்பி நடந்திருக்கலாம். கல்லூரி கிட்டே இருந்தது, அதனால்தான் வந்தேன், வேறு வீரமெல்லாம் இல்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

செய்து காட்டும் நாள் வந்தது. வகுப்பின் முன்னால் பெரிய திரை வைத்திருந்தார்கள். கம்பெனியிலிருந்து வந்த பெண்ணின் பெயர் நடீன் ஃபெடோருக். ஊரிலேயே இருக்கும் சின்னக் கம்பெனி. மருத்துவ நிலையங்களுக்கு மென்பொருள் செய்து கொடுப்பவர்கள். காப்பியோடு முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

ரய்யா அன்று காலை செய்யக் கூடாத ஒன்றைச் செய்திருந்தாள். முதல் எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ள அவள் நிரலில் ஒரு பெயர் வைத்திருந்தாள். அது பார்க்க அசிங்கமாக இருக்கிறது, வந்தவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று, வேறு நல்ல பெயராக மாற்றினாள். வந்த இடமெல்லாம் மாற்றினாள், ஓரிடம் தவிர. இப்போது சமத்தை அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை. செத்த பட்டன்.

"ஷெல்டன்." அவள் கூப்பிட்ட குரலே மாறியிருந்தது. "ஷெல்டன், வேலை செய்யல. நேத்து செஞ்சுது."

"பழைய பிரதி வச்சிருக்கீங்களே, தொடாதே தொடாதேன்னு."

"எது கடைசின்னு தெரியல. எல்லாத்துலயும் தொடாதேன்னு இருக்கு."

அவன் ஒரு நொடி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "சரி, பதறாதீங்க. அடியில சிவப்பா ஒரு வரி வருதா? அது என்ன சொல்லுது, படிங்க."

இந்தப் பெயரில் எதையும் காணோம் என்று சொன்னது. எந்த வரியில் என்பதையும் சொன்னது. அந்த வரிக்குப் போய் மாற்றினாள். பதினைந்து வந்தது. அதற்குள் கொலெட், "அடுத்தது ரய்யா" என்று கூப்பிட்டுவிட்டாள்.

அவள் எழுந்து முன்னால் போய் நின்றாள். கணினியைத் திரையோடு இணைத்தாள். அவளுடைய சாம்பல் நிறக் கால்குலேட்டர் சுவர் அளவுக்குப் பெரிதாக வந்தது. "இது... இதுல கூட்டலாம்" என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். நாக்கால் உதட்டைத் தடவினாள். நாங்கள் காத்திருந்தோம். அவள் எங்களைப் பார்க்கவில்லை. தனக்குள்ளேயே எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் தான் என்ன நினைத்தாள் என்று அவள் என்னிடம் ஒருமுறை சொன்னாள். அன்று பஸ்ஸில், நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கலாம் என்று தள்ளிப்போட்டாள். இங்கேயும், முடித்துவிட்டு உட்காரலாம் என்று மனசு சொன்னது. அதே குரல்.

"மன்னிக்கணும்" என்றாள் சத்தமாக. "எனக்கு வலிப்பு நோய் இருக்கு. இப்ப வரலாம்னு தோணுது. வராமலும் போகலாம். நான் தரையில உக்காந்துக்கறேன். வந்தா பக்கத்துல இருக்கற நாற்காலிய நகர்த்துங்க. பிடிக்காதீங்க. வாய்ல எதையும் வைக்காதீங்க. நிக்காம ரொம்ப நேரம் இழுத்துச்சுன்னா ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க."

பிள்ளைகளுக்கு பஸ்ஸில் விதி சொல்கிற குரலில் சொல்லி முடித்துவிட்டு, தரைவிரிப்பில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கொலெட் அவள் பக்கத்தில் மண்டியிட்டாள். நான் எழுந்து முன்னால் கிடந்த நாற்காலிகளை இழுத்தேன். அந்த இரும்புக்கால் தரையில் தேய்ந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நடீன் காப்பியைக் கையில் பிடித்தபடி உறைந்திருந்தாள்.

காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை.

இன்னும் காத்திருந்தோம். ரய்யாவின் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "வரல" என்றாள் மெதுவாக. "போச்சு. பயம்தான் போலிருக்கு. எல்லாருக்கும் முன்னால... ஐயோ."

ஷெல்டன் போய் அவளுக்குப் பக்கத்தில் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "எவ்வளவு நேரம் இங்க உக்காந்திருக்கணும், ஆன்ட்டி?"

"கொஞ்ச நேரம். எழுந்தா விழுந்துடுவேனோன்னு இருக்கு."

"அப்ப சும்மாதான இருக்கப் போறோம்?" அவன் மேசையிலிருந்து அவள் கணினியை வயரோடு இறக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். "எதை அழுத்தணும், சொல்லுங்க."

கொலெட் வேண்டாம் என்பதுபோல் கையை ஆட்டினாள். ரய்யா அவளைப் பார்க்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "புள்ளி" என்றாள். "புள்ளியை ரெண்டு தரம் அழுத்து."

திரையில் ஒரு புள்ளிதான் விழுந்தது.

"இப்ப ஏழு, கூட்டல், இல்ல கழித்தல்னு மனசு மாத்து. ம். இப்ப சமத்தை மறுபடி மறுபடி அழுத்து. பூஜ்யத்தால வகு."

இதைச் செய்ய முடியாது, என்றது திரை.

அப்படியே தரையில் உட்கார்ந்தபடி, அது எங்கெங்கே பொய் சொன்னது, எப்படிக் கண்டுபிடித்தாள், எப்படிச் சரி செய்தாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் நிமிர்ந்தது. எழுபத்தெட்டையும் மறைக்கவில்லை. வகுப்பில் மற்றவர்கள் எல்லாரும் தங்களுடையது எப்படி வேலை செய்கிறது என்று காட்டினோம். அவள் ஒருத்திதான் எப்படியெல்லாம் வேலை செய்யாமல் போயிற்று என்று காட்டினாள்.

நடீன் எழுந்து வந்தாள். "நான் ஒண்ணு அழுத்திப் பார்க்கலாமா?" என்று குனிந்து, ஒன்பதை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தாள். எண்கள் கட்டத்தைத் தாண்டி, பக்கத்தின் விளிம்பைத் தாண்டி, வெளியே ஓடின.

ரய்யா வாயைப் பொத்திக்கொண்டாள். "கடவுளே. அதை நான் நினைக்கவே இல்ல."

"யாரும் நினைக்கறதில்ல" என்றாள் நடீன்.

மதியம் வெய்ன் வந்து கூட்டிப்போனான். கொலெட் போன் செய்திருந்தாள். அவன் அவள் கோட்டுக்குப் பொத்தான் போட்டுவிட்டான். எங்கள் எதிரில் அவள் அதைச் செய்ய விட்டதே எனக்கு ஆச்சரியம்.

நடீனின் கம்பெனி அன்று ரய்யாவை எடுக்கவில்லை. எங்களில் வேறொருவனை எடுத்தது. அன்று நடந்ததை நினைத்து ரய்யா பல நாள் கூனிக் குறுகினாள். வராத வலிப்புக்காக ஒரு வகுப்பையே நிறுத்திவைத்தவள் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். அவள் பயந்ததுபோலவே, முதல் சில நாள் எல்லாரும் அவளைக் கண்ணாடிக் கிளாஸ் மாதிரிதான் பார்த்தோம். ஷெல்டன் மட்டும்தான் மாறவில்லை. "ஆன்ட்டி, இன்னிக்குத் தரையா, நாற்காலியா?" என்பான். அவள் அவனை ஒரு பேனாவால் அடிப்பாள்.

பிப்ரவரியில், ஒரு சாதாரணப் பாடத்தின் நடுவில், அது வந்தது. இந்தத் தடவை ருசி தட்டியதா என்று அவளுக்கே தெரியாது. ஒரு சத்தம் மட்டும் வந்தது, பக்கவாட்டில் சரிந்தாள். அவள் தலை தரையில் படுவதற்குள் ஷெல்டன் கையைக் கொடுத்துவிட்டான். நான் நாற்காலிகளை இழுத்தேன். இன்னொருத்தி தன் கோட்டைச் சுருட்டித் தலைக்கடியில் வைத்தாள். கொலெட் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருவரும் கத்தவில்லை, ஒருவரும் அவளைப் பிடிக்கவில்லை. பார்க்கப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. ஆம்புலன்ஸ் தேவைப்படாமலே அது அடங்கியது. அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தோம்.

கண் திறந்து, கொஞ்ச நேரம் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் எங்கள் முகங்களைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்ததும் அழ ஆரம்பித்தாள்.

ஷெல்டன் குனிந்து, "ஆன்ட்டி, எழுதுனதை நீங்க சேவ் பண்ணல. நான் பண்ணிட்டேன்" என்றான்.

அவளுக்குப் பேச்சு இன்னும் குழறிற்று. "எந்தப் பேர்ல?" என்று கேட்டாள்.

"தொடாதேன்னு."

அழுகையும் சிரிப்புமாக அவள் தோள் குலுங்கியது.

மாத்திரையை மாற்றினார்கள். புது மாத்திரை அவளைச் சில வாரம் தூங்கவைத்தது. அதனால் வகுப்பை எங்களோடு முடிக்க முடியவில்லை, அடுத்த கூட்டத்தோடு சேர்ந்து முடித்தாள். ஷெல்டன் வடக்கே தன் ஊருக்குத் திரும்பி, அங்கே பள்ளிக்கூடத்துக் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறான். நான் ஒரு கடையில் சரக்குக் கணக்குப் பார்க்கிறேன். படித்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ரய்யா வேலைக்கு எழுதிப் போட்ட இடங்களில் பலர் பதிலே போடவில்லை. வலிப்பைப் பற்றி முதலிலேயே சொல்வதா, வேண்டாமா என்று ஒவ்வொரு தடவையும் குழம்புவாள். சொன்னாள். சொன்ன இரண்டு இடத்தில், யோசித்துச் சொல்கிறோம் என்றவர்கள் யோசித்துக்கொண்டே இருந்துவிட்டார்கள். அப்புறம் ஒருநாள் நடீன் கூப்பிட்டாள். மருத்துவ நிலையங்களுக்குப் போகும் முன்னால் மென்பொருளை அழுத்தி அழுத்திப் பார்த்து, எங்கே உடைகிறது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அரை நாள் வேலை. ஆறு மாத ஒப்பந்தம். புதுப்பிப்பார்களா என்று சொல்ல முடியாது.

"நிஜமான நோயாளிங்களுக்கா?" என்று ரய்யா கேட்டாளாம். "நான் எதையாவது கவனிக்காம விட்டுட்டா?"

"அந்தக் கேள்வியைக் கேக்கற ஆள்தான் எங்களுக்கு வேணும்" என்றாள் நடீன்.

ஒப்பந்தத்தை இரண்டு தடவை புதுப்பித்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் முந்தின வாரம் அவள் சாப்பிடுவதில்லை. வலிப்பு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது, கார் லைசென்ஸுக்கு எழுதிப் போடலாம் என்று டாக்டர் சொல்லியும் அவள் இன்னும் எழுதிப் போடவில்லை. வெய்னும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை என்னையும் என் மனைவியையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். நாங்கள் போனபோது ரய்யாவின் தலை ஈரமாக இருந்தது, முகம் சூட்டில் சிவந்திருந்தது. நீராவி அறைக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே வெய்ன், அவளுக்குக் காவலாகப் போட்ட முக்காலியில் இன்னும் உட்கார்ந்திருந்தான், முழு உடுப்போடு, வியர்த்துக் கொட்ட.

சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் துடைக்கும்போது, அந்தப் பயமெல்லாம் போய்விட்டதா என்று அவளைக் கேட்டேன்.

"எங்க போறது?" என்றாள். "காலைல கண்ணைத் தொறந்தா எனக்கு முன்னாடி எழுந்து உக்காந்திருக்கு. காப்பி போட்டுக் குடிச்சுட்டுக் கிளம்பறேன்." பிறகு கையிலிருந்த தட்டை நீட்டி, "இதுல கொஞ்சம் எண்ணெய் இருக்கு பாரு, மறுபடி துடை" என்றாள்.